முன்பள்ளி ஆசிரியையாகும் மகளும் முகநூல் பக்கமும்: திருகோணமலைத் தாய்மாருக்கு

முன்பள்ளி டிப்ளோமா படித்துக்கொண்டு, காலையில் உப்புவெளியிலோ மூதூரிலோ ஒரு பாலர் பாடசாலைக்கு உதவி ஆசிரியையாகப் போய்வரும் மகள், "அம்மா, நான் முகநூலில ஒரு பக்கம் தொடங்கப் போறன்" என்று சொன்னால் உங்களுக்குப் பயம் வருவது இயல்பு. படத்தை யாராவது எடுத்து எதையாவது செய்துவிடுவார்கள், கண்டவனும் மெசேஜ் போடுவான், ஊர் கதைக்கும், நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது இதுவும் இழுபடும். இந்தப் பயங்களுக்கு வழி இருக்கிறது, கீழே சொல்கிறோம். ஆனால் தாய்மார் அநேகமாகக் கேட்க மறந்துபோகும் கேள்வி ஒன்று உண்டு. மகளை நம்பி விடப்பட்ட மற்றவர்களின் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்தால் என்ன நடக்கும்? அதற்குச் சரியான பதில் அவளிடம் இருந்தால் தாராளமாகத் தொடங்கட்டும். எங்கள் பதில் இதுதான்: பக்கத்தில் தெரிய வேண்டியது அவளுடைய வேலை. பிள்ளைகளின் முகம் தேவையில்லை.

முதலில், பக்கம் எதற்கு என்று பார்ப்போம். முன்பள்ளி வேலைக்கு வரும் விண்ணப்பங்களை அடுக்கிவைத்தால் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும்: சாதாரண தரம், உயர்தரம், ஒரு டிப்ளோமா, பயிற்சி முடித்த கடிதம். நான்கு வயதுப் பிள்ளை ஒன்றை ஏன் செய்கிறது என்று இந்தப் பெண்ணுக்குப் புரியுமா, தான் ஆயத்தம் செய்த பாடம் சரிவராவிட்டால் மாற்றிச் செய்வாளா என்பதெல்லாம் அந்தத் தாள்களில் இல்லை. மாதம் 2 பதிவாக ஓராண்டு எழுதியவளிடம் அது இருக்கும். ஆனால் பக்கம் டிப்ளோமாவுக்கு ஈடாகாது. முன்பள்ளி, அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி மாகாண சபைக்குரிய விடயம். கிழக்கில் தகைமை, பதிவு பற்றிக் கேட்க வேண்டிய இடம் மாகாண முன்பள்ளிக் கல்விப் பணியகம். படிப்பைக் குறைத்துக்கொண்டு பக்கம் நடத்துவதாக இருந்தால் வேண்டாம் என்றே சொல்வோம்.

என்ன எழுதுவது? இங்கேதான் அதிகம் பேர் வழி தவறுகிறார்கள். "இன்று எங்கள் குட்டிச் செல்லங்களின் சிப்பி விளையாட்டு" என்று ஒரு வரி, கீழே பிள்ளைகளின் முகத்தோடு 14 படங்கள், நிறைய இதயக் குறிகள். அதைப் பார்க்கும் அதிபருக்கு ஆசிரியையைப் பற்றி எதுவும் தெரியவராது. அதே காலையை இப்படி எழுதலாம்:

"வயது 4 முதல் 5. ஆறு பிள்ளைகள், 40 சிப்பிகள், 4 சிரட்டைகள், ஒரு பாய். சிப்பிகளைப் பாயில் கொட்டிவிட்டு, ஒன்றுபோல இருப்பதை ஒன்றாகப் போடுங்கள் என்று மட்டும் சொன்னேன். நிறமா அளவா என்று சொல்லவில்லை. இரண்டு பேர் நிறம் பார்த்தார்கள். ஒரு பிள்ளை ஒவ்வொன்றாகச் சிரட்டையில் போட்டுக் காது வைத்துக் கேட்டு, 'டக்' என்று விழுந்ததை ஒரு பக்கமும் 'டிங்' என்று விழுந்ததை மறுபக்கமும் வைத்தது. ஏன் இதை இங்கே வைத்தீங்கள் என்று கேட்டபோது, 'இது பெரிய ஆள்ட சத்தம்' என்றது. 20 நிமிடத்துக்குப் பிறகு இருவர் சிப்பியை எறியத் தொடங்கினார்கள். அடுத்த முறை 15 நிமிடத்தில் நிறுத்தி, எண்ணும் வேலைக்கு மாற்றுவேன்."

இதில் ஒரு பிள்ளையின் பெயரும் இல்லை, படமும் இல்லை. ஆனால் ஆசிரியை யார் என்று நன்றாகத் தெரிகிறது. "வெள்ளையை எல்லாம் இங்கே போடு" என்று அவள் சொல்லியிருந்தால் பிள்ளை சொன்னதைச் செய்திருக்கும், அவ்வளவுதான். விதியைப் பிள்ளையே கண்டுபிடிக்க விட்டதால் வகைப்படுத்தல் நடந்தது. எண் கணிதத்துக்கு அடி அங்கேதான் இருக்கிறது. கடைசி இரண்டு வரிகளையும் மகள் வெட்கப்பட்டு அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சரிவராததையும் எழுதுகிறவளைத்தான் அனுபவமுள்ள அதிபர்கள் நம்புவார்கள்.

வாசிக்கிற இன்னொரு ஆசிரியை நாளைக்கே இதைச் செய்துபார்ப்பாள் என்பதால், ஆபத்தையும் பதிவிலேயே எழுத வேண்டும். சிப்பிகளைக் கொதிநீரில் போட்டெடுத்து வெயிலில் காயவைக்க வேண்டும். உடைந்த கூர் விளிம்பு உள்ளவற்றைக் கழித்துவிட வேண்டும். 3 வயதுக்குக் குறைந்த பிள்ளை வகுப்பில் இருந்தால் 4 சென்ரிமீற்றருக்குச் சிறிய எதுவும் பாயில் இருக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துவிடும். சிப்பியை டச்சு விரிகுடாக் கரையில் பொறுக்கலாம். புறாத்தீவு 2003 முதல் தேசிய பூங்கா. அங்கிருந்து ஒரு சிப்பி எடுப்பதும் குற்றம், எடுத்ததைப் பக்கத்தில் பெருமையாகப் போடுவது தன் குற்றத்துக்குத் தானே சாட்சி வைப்பது.

படம் வேண்டாமா என்றால், வேண்டும். எதைப் பிடிப்பது என்பதுதான் விடயம். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு பாயையும் சிரட்டைகளையும் அவர்கள் விட்டுப்போன மாதிரியே யன்னல் வெளிச்சத்தில் மேலிருந்து ஒரு படம். ஆயத்தம் செய்துவைத்த மேசை, களிமண் உருவம், பிள்ளை கீறிய படம். கீறிய தாளின் மூலையில் பெயர் எழுதியிருக்கும், அதை வெட்டிவிட்டுப் போட வேண்டும். போனில் உள்ள மார்க்கரால் பெயரை மறைக்கிறவர்கள் உண்டு. அந்த மை பாதி ஊடுருவித் தெரியும் வகை என்றால், வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்கிறவருக்குப் பெயர் தெரியும். வகுப்பு நேரத்தில் போன் அலுமாரிக்குள் இருக்கட்டும். படம் பிடிக்கிற அரை நிமிடத்தில்தான் ஒரு பிள்ளை கதிரையிலிருந்து விழும்.

முகத்தோடு படம் போடுவதில் அப்படி என்ன கெடுதல் என்று சில பெற்றோரே கேட்பார்கள். நம்முடைய மாவட்டத்தை நினைத்துப் பாருங்கள். தாய் வெளிநாட்டில், பிள்ளை அம்மம்மாவிடம். தாயும் தகப்பனும் பிரிந்து, பிள்ளை யாரிடம் என்று வழக்கு நடக்கிற குடும்பங்கள். அடித்துத் துன்புறுத்திய தகப்பனுக்குத் தெரியாமல் இடம் மாறிவந்த தாய்மார். அந்தப் பிள்ளையின் சீருடை, பின்னால் முன்பள்ளியின் பெயர்ப்பலகை, பதிவில் இடத்தின் பெயர், "இன்று காலை 9 மணிக்கு" என்ற வரி எல்லாம் சேர்ந்தால், பிள்ளை எங்கே எத்தனை மணிக்கு இருக்கும் என்று தேடுகிறவனுக்கு எழுதிக் கொடுத்த மாதிரி. எந்தக் குடும்பத்தில் என்ன நிலைமை என்று உதவி ஆசிரியைக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அதனால் பொதுப் பக்கத்தில் முகம் இல்லை என்ற ஒரே விதியை எல்லாப் பிள்ளைகளுக்கும் வைப்பது நல்லது.

சட்டமும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 16ஆவது உறுப்புரை பிள்ளையின் அந்தரங்கத்தைப் பாதுகாக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளை பற்றிய தரவைக் கூடுதல் கவனத்தோடு கையாள வேண்டிய விசேட வகைக்குள் வைத்திருக்கிறது.

நிர்வாகம் கட்டாயம் படம் போடத்தான் வேண்டும் என்றால், எழுத்தில் சம்மதம் வாங்கட்டும். சேர்க்கைப் படிவத்தின் அடியில் "படம் எடுக்கச் சம்மதம்" என்று ஒரு வரி போதாது. வகுப்புப் பைலுக்கு, பெற்றோரின் வட்ஸ்அப் குழுவுக்கு, பொதுப் பக்கத்துக்கு என்று மூன்று தனிக் கட்டங்கள் வேண்டும். ஒன்றுக்கு ஆம், மற்றதற்கு இல்லை என்று சொல்லப் பெற்றோருக்கு இடம் இருக்க வேண்டும். திகதி, அந்த ஆண்டுக்கு மட்டும் என்ற குறிப்பு, எப்போதும் திரும்பப் பெறலாம் என்ற வரி, சட்டப்படி பொறுப்பானவரின் கையொப்பம் இருக்க வேண்டும். சம்மதம் தந்தாலும் சில படங்கள் ஒருபோதும் வேண்டாம்: முதல்நாள் அழுகிற பிள்ளை, மலசலகூடத்துக்குப் போகிற பிள்ளை, நோய், குறைபாடு, பசி தெரிகிற படம். நிவாரணப் பொதியைப் பிள்ளையின் கையில் கொடுத்து, கமராவைப் பார்க்கச் சொல்லி எடுக்கிற படத்தை மனம் நொந்தே சொல்கிறோம், உங்கள் மகள் தன் பக்கத்தில் போடவே கூடாது. அந்தப் பிள்ளைக்கு 20 வயதாகும்போதும் அந்தப் படம் இணையத்தில் இருக்கும்.

இனி உங்கள் மகளின் பாதுகாப்பு. அவளுடைய முகமும் பக்கத்துக்குத் தேவையில்லை. ஒரு கோட்டோவியமோ, களிமண் பிசையும் தன் கைகளின் படமோ போதும். தனிப்பட்ட கணக்கிலேயே எழுதாமல், முகநூலில் தனியாகப் பக்கம் ஒன்று திறக்கட்டும். அதற்கென்று புது மின்னஞ்சல், நீளமான கடவுச்சொல், இரண்டடுக்குச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்பது). தொலைபேசி இலக்கத்தைப் பக்கத்தில் போட வேண்டாம். பக்கத்தின் மெசேஜ் பொத்தானை நிறுத்திவைக்கலாம். கருத்துகளில் வரக்கூடாத சொற்களை அமைப்பில் பட்டியலிட்டால் அவை தானாக மறைந்துவிடும். படத்தை வட்ஸ்அப்பில் "டொக்கியுமென்ட்" ஆக அனுப்பினால் எடுத்த இடத்தின் விபரமும் படத்தோடு சேர்ந்து போகும். கமரா அமைப்பில் இடக்குறிப்பை நிறுத்திவிட்டால் அந்தக் கவலை இல்லை. யாராவது தொல்லை கொடுத்தால் உடனே தடுத்துவிடுவதற்கு முன் ஸ்கிரீன்ஷொட் எடுக்க வேண்டும், கணக்கின் முகவரியும் திகதியும் அதில் தெரியவேண்டும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பிள்ளை சம்பந்தப்பட்டதென்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929. இப்படி ஏதும் நடந்தால் அவள் முதலில் உங்களிடம் வந்து சொல்ல வேண்டும். "நான் அப்பவே சொன்னேனே" என்று தொடங்கினால் அடுத்த முறை சொல்ல மாட்டாள்.

எங்கே எழுதுவது என்றால் முகநூல், வலைப்பூ (blog) இரண்டிலும் எழுதட்டும். முழுப் பதிவு வலைப்பூவில், அதன் முதல் நான்கு வரியும் இணைப்பும் முகநூலில். முகநூலில் போட்டது ஒரு வாரத்தில் அடியில் போய்விடும். வலைப்பூவில் இருப்பதை இரண்டு வருடம் கழித்தும் கூகிளில் தேடி எடுக்கலாம். வலைப்பூ திறக்க உதவும் கூகிளின் பிளாக்கர் இலவசம், தமிழில் ஒழுங்காக வேலை செய்யும். ஒரு எச்சரிக்கை: நம் ஊர்க் கந்தோர்களில் பழகிய பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்ததை அப்படியே ஒட்டினால் இணையத்தில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிப் போட வேண்டும், அல்லது போனின் தமிழ் விசைப்பலகையில் எழுத வேண்டும். பதிவு முழுவதையும் அழகான படமாகச் செய்து போடுகிறவர்களின் எழுத்தையும் கூகிள் சரிவரக் கண்டுபிடிக்காது. பதிவு 300 முதல் 400 சொல் போதும். அடியில் இரண்டு வரி சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சுருக்கம் போட்டால் வேறு மாவட்ட நிறுவனங்களும் பார்க்கும். தைப்பொங்கலுக்குப் பதிவு போட்டால் நோன்புப் பெருநாளுக்கும் வெசாக்குக்கும் போடட்டும், இந்த ஊர் முன்பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பக்கம் கொஞ்சம் தெரியவந்ததும் தாய்மார் கேள்வி அனுப்பத் தொடங்குவார்கள். "ரீச்சர், என்ர மகனுக்கு மூண்டு வயசு, இன்னும் கதைக்கிறானில்ல." நல்ல மனம் உள்ள இளம் ஆசிரியைகள் இங்கேதான் அகப்படுகிறார்கள். "பையன்கள் பிந்தித்தான் கதைப்பார்கள்" என்று ஆறுதல் சொன்னால் பிள்ளையின் பொன்னான மாதங்கள் போய்விடும். நோயின் பெயர் சொன்னால் அது அவளுடைய வேலையில்லை. பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு இந்த வாரமே குடும்பநல உத்தியோகத்தரையோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையையோ பாருங்கள், காது கேட்கிறதா என்றும் பரிசோதிக்கச் சொல்லுங்கள் என்பது ஒன்றே அவள் தரவேண்டிய பதில். அதையும் பொதுவில் இல்லாமல் தனியாகத் தர வேண்டும். அந்தக் கேள்வியைப் பெயரில்லாமல்கூடப் பதிவாக்கக் கூடாது. சின்ன ஊர், யாருடைய பிள்ளை என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதில் காசு வருமா என்று தகப்பன்மார் கேட்பார்கள். ஆரம்பத்தில் வராது, அதை நம்பி இறங்க வேண்டாம். யூரியூப்பில் சிறுவர் பாட்டு, கதை என்று போட நினைப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: 2020 ஜனவரியிலிருந்து சிறுவருக்கான காணொளிகளில் கருத்துப் பகுதியும் பார்ப்பவருக்கேற்ற விளம்பரமும் நிறுத்தப்பட்டிருக்கின்றன, அதனால் வருமானம் குறைவு. காணொளி செய்வதானால் பெற்றோருக்கும் ஆசிரியருக்குமாகச் செய்யட்டும். பால்மா, இனிப்புக் கம்பனிகள் இலவசப் பொருள் தருகிறோம் என்று வந்தால் மறுக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு பதிவுக்குப் பிறகு அவள் சொல்லும் மற்றதையும் விளம்பரம் என்றே வாசிப்பார்கள்.

தொடங்குமுன் முன்பள்ளி நிர்வாகத்திடம் சொல்லி, எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். பக்கத்துக்கு முன்பள்ளியின் பெயரை வைக்கவே கூடாது. வைத்தால் அவள் வேறு இடம் போகும் நாளில் பக்கம் யாருக்கு என்ற சண்டை வரும், ஒரு வருட எழுத்தும் அங்கேயே நின்றுவிடும். முன்பள்ளியின் பக்கத்தையும் அவளே நடத்தச் சொன்னால் குறைந்தது இரண்டு நிர்வாகிகள் இருக்கட்டும், விலகும்போது கையளித்ததற்கு ஒரு கடிதம் வாங்கட்டும். நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது போனை நீட்டி "என்ர பக்கத்தைப் பாருங்கோ" என்று சொல்ல வேண்டாம். தன் பதிவுகளில் சிறந்த ஐந்தைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் ஒன்றாவது சரிவராமல் போன செயற்பாடாக இருக்கும்படி பார்த்து, அச்சிட்டு, பைலில் சான்றிதழ்களுக்குப் பின்னால் வைக்கட்டும். வலைப்பூவின் முகவரி விண்ணப்பத்தில் மின்னஞ்சலுக்குக் கீழே ஒரு வரியில் இருந்தால் போதும்.