பத்தாம் வகுப்பு எழுதிய மகளை எட்டு நாள் சேவை முகாமுக்கு அனுப்பலாமா?

கேள்வி இதுதான்: "மகள் சாரணியர் படையில் இருக்கிறாள். மே மாதம் மலையடிவாரக் கிராமம் ஒன்றில் எட்டு நாள் முகாம். சமையல், துப்புரவு, ஊர்ச்சேவை என்கிறார்கள். வீட்டில் குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைக்காதவள் அங்கே போய் என்ன செய்யப் போகிறாள்? அனுப்பலாமா? ஊர் வேலூர்."

அனுப்புங்கள்.

ஒரே சொல்லில் முடிக்கலாம்தான். ஆனால் "அங்கே போய் என்ன செய்யப் போகிறாள்" என்ற வரியைப் படித்ததும் என்னால் அடுத்த வேலை பார்க்க முடியவில்லை. 1998-ல் என் அம்மா கேட்டதும் இதுதான். "ஊரான் வூட்டு வாசலைப் பெருக்க எட்டு நாளா? இங்க எவடி இலை வெட்டறது?"

இலை என்றால் பீடி இலை. எங்கள் வீடு குடியாத்தத்தில். அப்பாவுக்குக் கைலித் தறி, அம்மாவுக்கு மடியில் முறம். ராத்திரி இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்போம். காலையில் தகர அச்சை வைத்துக் கத்தரியால் வெட்ட வேண்டும். பள்ளிக்குப் போகுமுன் வெட்டுவது என் பங்கு. திரும்பி வந்ததும் நூல் கட்டுவேன். 25 பீடி ஒரு கட்டு. பள்ளியில் யாருக்கும் இது தெரியாது, தெரியவிடவும் மாட்டேன். விரலில் புகையிலைத் தூள் வாடை போக சாம்பல் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் வகுப்புக்குள் போவேன்.

உங்கள் வீட்டு நிலைமை வேறாக இருக்கும். ஒருவேளை வீட்டுக்காரர் சரி என்று சொல்லி, மாமியார் வேண்டாம் என்கிறாரோ என்னவோ. எப்படியிருந்தாலும் கேளுங்கள்.

நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. எங்கள் சாரணியர் படையை நடத்திய கேப்டன் டீச்சர் வீட்டுக்கே வந்து அம்மாவிடம் கேட்டதால்தான் போக முடிந்தது. அணைக்கட்டுப் பக்கம் ஒரு மலையடிவார ஊர், அதன் பஞ்சாயத்துப் பள்ளிக்கூடம்தான் முகாம். முப்பது பெண்கள். காலை ஐந்துக்கு விசில். தண்ணீர் அணி அடிபம்புக்கு ஓட வேண்டும், சமையல் அணி விறகடுப்பை மூட்ட வேண்டும். முதல் நாள் பொங்கல் அடிபிடித்து, அதையே எல்லோரும் சாப்பிட்டோம். கழிப்பிடத்துக்குக் குழி வெட்டி, தென்னங்கீற்றால் மறைப்புக் கட்டியதும் நாங்கள்தான். பகலில் ஏரிக்கு வரும் கால்வாயில் சீமைக் கருவேலங்கன்றுகளைப் பிடுங்கினோம். அக்கினி நட்சத்திரம், முள் குத்தாத கை ஒன்றுகூட இல்லை. ராத்திரி தாழ்வாரத்தில் வரிசையாகப் பாய் போட்டுப் படுத்து, வயிறு வலிக்கச் சிரிப்போம். சத்தமாகச் சிரித்தால் அதட்ட ஆள் இல்லாத ராத்திரிகள் எனக்கு அதுவரை வாய்த்ததில்லை. உங்கள் மகளுக்கும் இது கிடைக்கட்டும் என்பதுதான் என் முதல் காரணம்.

முடிச்சுப் போடும் போட்டியில் நான்தான் முதல். "இவ்வளவு வேகம் எங்கே கத்துக்கிட்ட?" என்று டீச்சர் கேட்டார். "அம்மா பூ கட்டுவாங்க டீச்சர்" என்று பொய் சொன்னேன்.

நான்காம் நாள் வீடு வீடாகப் போய்ப் பள்ளிக்குப் போகாத பிள்ளைகளைக் கணக்கெடுத்தோம். ஒரு திண்ணையில் என் வயதுப் பெண் ஒருத்தி முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். அஞ்சாவதோடு நின்றவள். ராத்திரி பாட்டும் ஆட்டமும் இருக்கிறது, வா என்று கூப்பிட்டோம். "அறநூறு சுத்தணும். முடியாது." அவள் சொல்லிக்கொண்டே சுற்றினாள். நான் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு என்னையறியாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கத்தரியை எடுத்து இலை வெட்ட ஆரம்பித்தேன். கூட வந்த தோழிகள் என் கையையே பார்த்தார்கள். பூக்கட்டும் பொய் அங்கே முடிந்தது. யாரும் சிரிக்கவில்லை. "எங்களுக்கும் சொல்லிக் குடுடி" என்றார்கள்.

இதைப் படித்துவிட்டுப் பின்னூட்டத்தில் சண்டைக்கு வருபவர்களுக்கு: நான் பீடியை ஆதரிக்கவில்லை. அம்மாவின் இருமலோடு வளர்ந்தவள் நான். 1986-ம் ஆண்டுச் சட்டப்படி 14 வயதுக்குட்பட்டவர்களைப் பீடி வேலையில் வைக்கக் கூடாது என்பதும் தெரியும். வீட்டில் குடும்பத்தோடு செய்தால் அந்தச் சட்டம் அப்போது தொடாது என்பதும் தெரியும், நான் அந்த ஓட்டைக்குள் வளர்ந்தவள்தான். டீச்சரும் முதலில் கோபப்பட்டார். பிறகு, தூளைத் தொடக் கூடாது, இலை வெட்டலாம், நூல் கட்டலாம் என்று அனுமதித்தார். ஐந்து பேர் உட்கார்ந்ததும் ஆறு மணிக்கெல்லாம் வேலை முடிந்தது. அன்றிரவு அவள் வந்தாள். அடுத்த நாளும் வந்தாள்.

ஆறாம் நாள் அவளே, சுற்றிக் கொடுத்த பீடியை ஏஜென்ட் தினமும் எழுதித் தரும் பாஸ் புக்கை எடுத்து வந்து, "இதுல இன்னா எழுதிகீது, படிச்சிச் சொல்லு" என்றாள். அந்த வாரம் தினசரி வரிகள் சரியாக இருந்தன: 600, 550, 600, 500, 600, 650. கீழே மொத்தம் 3,200 என்று ஏஜென்ட் எழுதியிருந்தார். நாங்கள் மண்ணில் குச்சியால் கூட்டினோம். 3,500 வந்தது. திரும்பக் கூட்டினோம். பிறகு அவளையே கூட்ட வைத்தோம். ஒன்று, பத்து, நூறு என்று இடம் பார்த்து எழுதிக் கூட்ட அவள் ஒரு ராத்திரியில் கற்றுக்கொண்டாள். மறுநாள் அவளுடைய அம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் புக்கோடு போனார்கள். "தப்பாக் கூட்டிட்டேன்" என்று ஏஜென்ட் திருத்திக் கொடுத்தாராம். வெளியூர்ப் பிள்ளைகளால் வம்பு வந்துவிடுமோ என்று டீச்சருக்கு ஒரே பயம். ஆனாலும் அன்று மாலை அந்தப் பெண்களை உட்கார வைத்து, பீடித் தொழிலாளர் அடையாள அட்டையைப் பற்றிச் சொன்னது அவர்தான். 1976-ல் வந்த நல நிதிச் சட்டத்தின்படி அட்டை இருந்தால் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை உண்டு. எங்கள் வீட்டிலேயே அது யாருக்கும் தெரியாது.

அவள் பள்ளிக்குத் திரும்பினாள் என்று எழுத ஆசைதான். திரும்பவில்லை. கடைசி நாள் சாரணியர் முறைப்படி இடது கையை நீட்டிக் கைகுலுக்கினாள், முந்தின நாள் கற்றுக்கொண்டது.

வீட்டுக்கு வந்த அன்று அம்மா ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் தன் பாஸ் புக்கை என் முன்னால் வைத்தார். அட்டைக்கு அலைந்தது அடுத்த வருஷம். எனக்கு ப்ளஸ் டூ வரை வந்த உதவித்தொகை அந்த அட்டையால் வந்தது. முகாமில் நான் ஊருக்குக் கொடுத்ததைவிட எடுத்துக்கொண்டது அதிகம். இப்போது கோடையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நான் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன் என்றால், அது அந்தத் திண்ணைக்குப் பட்ட கடன்.

எட்டு நாளில் பிள்ளைகள் ஏரியைத் தூர் வாரிவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாங்கள் பிடுங்கிய கருவேலம் அடுத்த மழைக்கே முளைத்திருக்கும். நம் மாவட்டத்து நாகநதியை மீட்டது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள். நூறு நாள் வேலையில் கூலி வாங்கி, வருஷக்கணக்கில் உறை இறக்கிக் கிணறு அமைத்து, கல் தடுப்பு கட்டிச் செய்தார்கள். 2021 செப்டம்பரில் பிரதமர் மனதின் குரலில் அதைச் சொன்னார். அந்த வேலை வேறு, முகாம் வேறு.

இதே கேள்விக்கு ஒருவர், "வேலூரில் கோடை முகாமா, கருவாடாகக் காயவா" என்று பதில் எழுதியிருக்கிறார். வெயிலைச் சொல்லுங்கள், பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் கீழே இன்னொருவர் வேலூரைக் கிண்டல் செய்யும் அந்தப் பழைய வாசகத்தையும் கொண்டுவந்துவிட்டார்: நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில், மரமில்லா மலை, அழகில்லாப் பெண்கள். சென்னையில் விடுதியில் இருந்த மூன்று வருஷமும் இதைச் சொல்லித்தான் என்னை அறிமுகப்படுத்துவார்கள். ஜலகண்டேசுவரர் கோயிலுக்கு 1981-லேயே லிங்கம் திரும்பி வந்துவிட்டது. பாலாறு 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடியது. கடைசி வரியை மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டே சொல்கிறீர்கள். பதினேழு வயதுப் பெண்ணுக்கு அது எப்படி வலிக்கும் என்று யோசித்ததுண்டா?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பச் சொல்லவில்லை. ராத்திரி கூடத் தங்குவது பெண் ஆசிரியைதானா, எத்தனை பேர் என்று கேளுங்கள். கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மாதவிலக்கு வந்தால் பிள்ளையை ஓய்வெடுக்க விடுவார்களா, அவசரத்துக்கு வண்டி உண்டா என்று கேளுங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கும் முகாம் என்றால் வேண்டாம். நேராகப் பதில் சொன்னால் தயங்காதீர்கள். தடிமனான செருப்பு, முழுக்கை சட்டை, தொப்பி, ஒரு நோட்டு, பேனா கொடுத்து அனுப்புங்கள். டம்ளரை அங்கே அவளேதான் கழுவியாக வேண்டும்.