சமிக்ஞைக் கையாளிக்குள் எவ்வளவு வேலை செய்யலாம்? ஒரு பைட் எழுதும் அளவுக்கு

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்கிறேன். லினக்ஸில் சி மொழியில் எழுதிய ஒரு சிறிய வழங்கி, எப்போல் (பல இணைப்புகளில் எதில் நிகழ்வு வருகிறது என்று காத்திருந்து சொல்லும் லினக்ஸ் அழைப்பு) சுற்றில் காத்திருந்து வேலை செய்கிறது. நிரலை நிற்கச் சொல்லும் சமிக்ஞையான சிக்டேர்ம் வந்தால், அப்போது ஓடும் செயற்கூறான கையாளி ஒரு மாறியை 1 ஆக்குகிறது. சுற்று ஒவ்வொரு முறையும் அந்த மாறியைப் பார்த்து, 1 ஆக இருந்தால் வெளியேறுகிறது. பெரும்பாலும் இது சரியாக நடந்தாலும், எப்போதாவது ஒருமுறை நிற்கச் சொன்ன பிறகும் நிரல் நிற்பதில்லை. ஆகவே, கோப்புகளை மூடுவது, பதிவு எழுதுவது, இணைப்புகளை முடிப்பது எல்லாவற்றையும் கையாளிக்குள்ளேயே செய்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

செய்யக் கூடாது. உங்கள் நிரலில் இப்போது இருக்கும் பிழை சிறியது. அதைத் தீர்க்க நீங்கள் நினைக்கும் வழி அதைவிடப் பெரிய பிழையைக் கொண்டுவரும். அந்தப் பெரிய பிழையை நானே ஒருமுறை எழுதியிருக்கிறேன் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் திருகோணமலையில், திருக்கடலூர்ப் பக்கத்தில் இருந்த ஒரு மீன் குளிரறைக்கு, வெப்பநிலையைக் கண்காணிக்கும் நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். 5 வினாடிக்கு ஒருமுறை உணரியை வாசித்து, உள்ளூர் நேரத்துடன் ஒரு வரியைப் பதிவுக் கோப்பில் எழுதும். அறை அளவுக்கு மீறிச் சூடானால் மீன்பிடி முதலாளியான சம்மாட்டியாரின் தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். நள்ளிரவில் பழைய பதிவுக் கோப்பை ஒதுக்கிவிட்டுப் புதியதைத் திறக்கச் சொல்லி இன்னொரு நிரல் அதற்குச் சிக்ஹப் என்ற சமிக்ஞையை அனுப்பும். என் கையாளி கோப்பைத் திறந்து, "இத்தனை மணிக்குப் புதிய கோப்பு" என்று ஒரு வரியையும் எழுதும். மாதக்கணக்கில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒருநாள் அதிகாலையில் சம்மாட்டியார் அழைத்தார்: "தம்பி, கரண்ட் போய் வந்தாப் பிறகு மெசின் ஓடேல்ல, அறை இளகிப்போய்க் கிடக்கு. போனுக்கு ஒண்டும் வரேல்லையே?"

நான் போய்ப் பார்த்தபோது நிரல் உயிரோடுதான் இருந்தது. பட்டியலில் பெயர் இருந்தது, நினைவகம் பிடித்திருந்தது, ஆனால் மையச் செயலகத்தைத் துளியும் பயன்படுத்தவில்லை. பதிவு நள்ளிரவோடு நின்றிருந்தது. வழுநீக்கியை இணைத்து, எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்று காட்டும் அழைப்பு அடுக்கைப் பார்த்தேன். கீழிருந்து மேலே வாசித்தால் முதலில் மெயின், அதற்கு மேல் வெப்பநிலையை எழுதும் என் செயற்கூறு, அதற்கு மேல் உள்ளூர் நேரத்தைக் கணக்கிடும் லோக்கல்டைம். அதற்கும் மேலே சமிக்ஞை குறுக்கிட்டதைக் காட்டும் வரி, அதன்மேல் என் கையாளி, அதன்மேல் மீண்டும் லோக்கல்டைம், உச்சியில் ஒரு பூட்டுக்காகக் காத்திருக்கும் அழைப்பு. குனு சி நூலகத்தில் லோக்கல்டைம் நேரவலயத் தகவலைத் தொடும்போது உள்ளே ஒரு பூட்டைப் பூட்டிக்கொள்கிறது. முதல் லோக்கல்டைம் பூட்டைப் பூட்டிய அந்தக் கணத்தில் சிக்ஹப் வந்திருக்கிறது. கையாளி அழைத்த இரண்டாவது லோக்கல்டைம் அதே பூட்டைக் கேட்டு நிற்கிறது. அதைத் திறக்க வேண்டிய முதலாவது, கையாளி முடிந்தால்தான் தொடர முடியும். இருவரும் ஒரே இழைக்குள் (நிரலின் ஒரே ஓட்டப்பாதைக்குள்) இருப்பதால் இந்தக் காத்திருப்புக்கு முடிவே இல்லை.

கையாளி மற்றச் செயற்கூறுகளைப் போல ஒழுங்கான இடத்தில் அழைக்கப்படுவதில்லை என்பதுதான் இதன் அடிப்படை. நிரல் எந்த இரண்டு இயந்திரக் கட்டளைகளுக்கு இடையில் நின்றாலும் அந்த இடத்தில் அது நுழையும். நினைவகத்தை ஒதுக்கும் மாலாக் தன் உள்பட்டியலைப் பாதி திருத்தியிருக்கலாம், பிரிண்ட்எஃப் தன் இடையகத்தைப் பாதி நிரப்பியிருக்கலாம். அதனால்தான் கையாளிக்குள் அழைக்கப் பாதுகாப்பானவை எவை என்று, யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரம் தனியாக ஒரு பட்டியல் தருகிறது. அதில் ரைட், ரீட், சேய்ச் செயல்முறை முடிந்ததா என்று பார்க்கும் வெயிட்பிஐடி, அடிக்கோட்டுடன் தொடங்கும் எக்சிட் ஆகியவை இருக்கின்றன. மாலாக், பிரிண்ட்எஃப், லோக்கல்டைம், கணினியின் பதிவில் எழுதும் சிஸ்லாக் ஆகியவை இல்லை. நீங்கள் கையாளிக்குள் செய்ய நினைக்கும் சுத்திகரிப்பு வேலைகளில் பெரும்பகுதி அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது.

இது புதியவர்கள் மட்டும் செய்யும் தவறு என்று எண்ண வேண்டாம். தொலைக்கணினியில் பாதுகாப்பாக உள்நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் வழங்கியில் 2024 ஜூலை 1ஆம் தேதி வெளியிடப்பட்ட பெரிய பாதுகாப்புக் குறைபாடும் இதே வகைதான். உள்நுழைய இயல்பாகக் கொடுக்கப்படும் 120 வினாடி முடிந்ததும் சிக்அலார்ம் வரும்; அதன் கையாளி சிஸ்லாக்கை அழைத்தது; அது உள்ளே நேரத்தை உள்ளூர் நேரமாக மாற்றவும் நினைவகம் ஒதுக்கவும் போனது. சரியான கணத்தில் குறுக்கிடச் செய்தால், கடவுச்சொல் எதுவும் இல்லாமலே நிர்வாகி உரிமையைப் பெற முடியும் என்று குவாலிஸ் நிறுவன ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2006இல் திருத்தப்பட்ட ஒரு குறையே பிற்காலத்து மாற்றம் ஒன்றால் திரும்ப வந்திருந்தது. கவனமாக எழுதுகிறவர்கள் என்று பெயர் பெற்றவர்களின் நிரலில் இது நடந்திருக்கிறது என்றால், கையாளிக்குள் ஒரு வரியைச் சேர்க்கும் முன் நாமும் யோசிக்கத்தான் வேண்டும்.

இனி உங்கள் சிறிய பிழைக்கு வருகிறேன். உங்கள் சுற்று மாறியைப் பார்க்கிறது. 0 ஆக இருக்கிறது. பிறகு எப்போல் காத்திருப்புக்குள் போகிறது. பார்த்ததற்கும் காத்திருப்பதற்கும் இடையில் சமிக்ஞை வந்தால், கையாளி மாறியை 1 ஆக்கிவிட்டுத் திரும்பிவிடும்; நிரலோ அடுத்த இணைப்பு வரும்வரை உறங்கிவிடும். வாசலில் ஆள் நிற்கிறாரா என்று பார்த்துவிட்டு, யன்னலைச் சாத்திப் படுக்கப் போகும் இடைவெளியில் ஒருவர் வந்து ஒரேயொரு முறை கூப்பிட்டுவிட்டுப் போனதைப் போன்றது இது. காத்திருப்புக்குள் போன பிறகு சமிக்ஞை வந்தால் சிக்கல் இல்லை, எப்போல் குறுக்கிடப்பட்டதென்ற பிழை எண்ணுடன் திரும்பிவிடும். சிக்ஆக்‌ஷனில் (கையாளியைப் பதிவுசெய்யும் அழைப்பில்), குறுக்கிடப்பட்ட அழைப்பைத் தானாகத் தொடரச் சொல்லும் மறுதொடக்கக் கொடியை வைத்திருந்தாலும் லினக்ஸில் எப்போல் அப்படித்தான் திரும்பும். அந்தப் பிழை எண்ணைக் கண்டதும் நிரலை முடித்துவிடாமல் சுற்றின் தொடக்கத்துக்குப் போங்கள்.

இரண்டு பிழைகளுக்கும் சேர்த்து ஒரே மருந்து உண்டு: சமிக்ஞையையும் மற்ற நிகழ்வுகளைப் போல ஒரு கோப்பு எண்ணின் (திறந்த கோப்புக்கோ இணைப்புக்கோ இயங்குதளம் தரும் எண்) வழியாகச் சுற்றுக்குள் வரச் செய்வது. நிரலாளர் டி. ஜே. பெர்ன்ஸ்டைன் 1990களின் தொடக்கத்தில் பரப்பிய சுயகுழாய் முறையை நான் இன்றும் விரும்பிப் பயன்படுத்துகிறேன். நிரல் தொடங்கும்போதே ஒரு குழாயை (ஒரு முனையில் எழுதியதை மறுமுனையில் வாசிக்கும் வழி) திறந்து, அதன் இரு முனைகளையும் காத்திருக்காத வகையாகவும், எக்செக் செய்யும்போது, அதாவது வேறொரு நிரலை ஏற்றி ஓட்டும்போது, தானாக மூடும்படியும் அமைத்து, வாசிக்கும் முனையை எப்போலில் சேர்த்துவிடுங்கள். கையாளி செய்ய வேண்டியது மிகக் குறைவு: கடைசிப் பிழை எண்ணை வைத்திருக்கும் எர்நோவின் மதிப்பை எடுத்துவைப்பது, அந்தச் சமிக்ஞைக்குரிய கொடியை 1 ஆக்குவது, குழாயில் ஒரு பைட் எழுதுவது, எர்நோவைத் திரும்ப வைப்பது. எர்நோவைப் பாதுகாக்க மறந்தால், குறுக்கிடப்பட்ட இடத்தில் இருந்த நிரல்பகுதி தனக்குச் சொந்தமில்லாத ஒரு பிழை எண்ணை வாசித்துத் தவறான முடிவெடுக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

பலர் சமிக்ஞையின் எண்ணையே அந்தப் பைட்டாக எழுதுகிறார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. லினக்ஸில் குழாயின் இயல்பான கொள்ளளவு 65,536 பைட்டுகள். சுற்று எங்கோ தாமதித்திருக்கும்போது ஒரே வகைச் சமிக்ஞை குழாயை நிரப்பிவிட்டால், அடுத்து வரும் சிக்டேர்மின் எண்ணுக்கு இடமிருக்காது, அது தொலைந்துபோகும். ஒவ்வொரு சமிக்ஞைக்கும் ஒரு கொடி இருந்து, பைட் எழுப்பிவிடும் வேலையை மட்டும் செய்தால், குழாய் நிறைந்து ரைட் தோற்றாலும் கவலையில்லை, ஏனெனில் சுற்றை எழுப்ப வேண்டிய பைட் ஏற்கெனவே உள்ளே கிடக்கிறது. கொடி, கையாளியும் சுற்றும் பாதுகாப்பாகப் பகிரக்கூடிய வொலட்டைல் சிக் அட்டாமிக் வகையாக இருக்க வேண்டும்.

சுற்றின் பக்கத்தில் வரிசை முக்கியம். முதலில் குழாயைக் காலியாகும்வரை வாசியுங்கள், பிறகு கொடியை 0 ஆக்குங்கள், அதன் பிறகே வேலையைச் செய்யுங்கள். வேலையை முடித்துவிட்டுக் கொடியை அழித்தால், வேலையின் நடுவில் வந்த புதிய சமிக்ஞையையும் சேர்த்து அழித்துவிடுவீர்கள்.

சமிக்ஞைகளை எண்ணிக்கையாக நம்பவும் கூடாது. நிரல் உருவாக்கிய மூன்று சேய்ச் செயல்முறைகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிந்தால், சேய் முடிந்ததைச் சொல்லும் சிக்சைல்ட் மூன்று வரும் என்பதற்கு உறுதி இல்லை. ஒன்று நிலுவையில் இருக்கும்போது வருபவை அதனுடன் கலந்துவிடும். ஆகவே ஒருமுறை எழுப்பப்பட்டால், இனி முடிந்த சேய் எதுவும் இல்லை என்று சொல்லும்வரை வெயிட்பிஐடியைக் காத்திருக்காத வகையில் திரும்பத் திரும்ப அழைக்க வேண்டும்.

லினக்ஸில் மட்டும் ஓடும் நிரல் என்றால், கெர்னல் 2.6.22 முதல் இருக்கும் சிக்னல்எஃப்டியைப் பயன்படுத்தலாம். சமிக்ஞைகளைத் தடுத்துவைத்துவிட்டு ஒரு கோப்பு எண்ணில் வாசிப்பதால் கையாளியே தேவையில்லை. ஆனால் அந்தத் தடை, சேயை உருவாக்கும் ஃபோர்க்கையும் எக்செக்கையும் தாண்டிச் சேய்க்குப் போகும். நீங்கள் தொடங்கிவைக்கும் இன்னொரு நிரல் சிக்டேர்முக்குச் செவிசாய்க்காமல் இருந்தால், முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். எப்போலின் இன்னொரு வடிவமான எப்போல்-பிவெயிட், காத்திருக்கும் நேரத்துக்கு மட்டும் தடையை நீக்கி, அந்த இடைவெளியையே இல்லாமலாக்குகிறது. அதுவும் நல்ல வழி. பல இழைகள் உள்ள நிரலில் சமிக்ஞை எந்த இழையிலும் வந்து விழலாம் என்பதால், இழைகளை உருவாக்கும் முன்பே எல்லாவற்றையும் தடுத்துவிட்டு ஒரே இழையில் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். பைத்தானின் அசிங்க்ஐஓவும் நோட் ஜேஎஸ்ஸும் உள்ளே இந்தக் குழாய் முறையையே வைத்திருக்கின்றன. அங்கே அவை தரும் வசதியைப் பயன்படுத்தினால் போதும்.

ஒன்றை விதிவிலக்காக வையுங்கள். தவறான நினைவக முகவரியைத் தொட்டதால் வரும் சிக்செக்வியைக் குழாயில் போட்டுவிட்டுத் தொடர முடியாது. திரும்பினால் அதே கட்டளை மீண்டும் ஓடி மீண்டும் விழும். அதை விட்டுவிடுங்கள், நிரல் விழட்டும்.

சுற்றுக்குள் வந்த சிக்டேர்மை எடுத்துக்கொள்ள நேரம் அளவானது. லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி இயல்பாக 90 வினாடியும், கொள்கலன்களை இயக்கும் டாக்கர் 10 வினாடியும் பொறுத்திருந்து, அதன் பிறகு தடுக்கவே முடியாத சிக்கில்லை அனுப்பும். உங்கள் நிகழ்வுச் செயற்கூறு ஒன்று 15 வினாடி ஓடும் தரவுத்தள வினவலில் நின்றால், குழாயில் பைட் இருந்தும் யாரும் அதை வாசிக்கப்போவதில்லை. நீண்ட வேலைகளைத் தனி இழைக்குத் தள்ளுவது இதற்காகவும் அவசியம்.

நான் சொன்னதை நம்பி மட்டும் மாற்ற வேண்டாம், சோதித்துப் பாருங்கள். உங்கள் இப்போதைய நிரலில் மாறியைப் பார்க்கும் வரிக்கும் எப்போல் வரிக்கும் நடுவில், சமிக்ஞை வந்தாலும் மீதி நேரத்தை உறங்கி முடிக்கும்படி 2 வினாடித் தூக்கம் ஒன்றைச் செருகி, அந்த 2 வினாடிக்குள் சிக்டேர்ம் அனுப்புங்கள். எப்போதாவது வந்த பிழை இப்போது ஒவ்வொரு முறையும் வரும். பிறகு அந்தத் தூக்கத்தை எடுக்காமலே சுயகுழாய்க்கு மாற்றி அதே சோதனையைச் செய்யுங்கள்: தூக்கம் முடிந்து எப்போலுக்குள் நுழைந்த கணமே, வாசிக்க ஒரு பைட் இருக்கிறது என்று அது திரும்பிவரும்.