பதினாறு வயதுக்கு எதற்கு டீடாக்ஸ்?

கேள்வி: என் மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். வயது 16, உயரம் 157 செ.மீ. எடை 52 கிலோ இருந்தாள். ஒரு யூடியூப் சேனலைப் பார்த்து நானும் அவளும் மார்கழி முதல் தேதியில் ‘உடல் சுத்திகரிப்பு’ ஆரம்பித்தோம். காலையில் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும், பிறகு இரண்டு வேளை பழச்சாறு, மதியம் ஒரு கிண்ணம் வேகவைத்த காய், ராத்திரி நிலாவாகைச் சூரணம். வெள்ளிக்கிழமை முழுப் பட்டினி. மூன்று வாரத்தில் 49 கிலோவுக்கு வந்துவிட்டாள், முகமும் பளபளப்பாக இருக்கிறது. ‘லங்கணம் பரம ஔஷதம்’, பட்டினியே சிறந்த மருந்து என்று பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் என் மாமியார், “வளர்ற புள்ளைய ஏன் பட்டினி போடுற?” என்று தினமும் சண்டைக்கு வருகிறார். இந்த மாதம் அவளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது. கழிவு வெளியேறும்போது அப்படித்தான் ஆகும் என்று சேனலில் சொல்கிறார்கள். தொடரலாமா?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: கூடாது. உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. இப்படி எழுதினால் உங்கள் வீட்டுக்குள் நான் ஒரு வம்பை இழுத்துவிடுவேன் என்று தெரியும். ஆனாலும் வேறு எப்படிச் சொல்வது?

எடை, உயரம், தேதி எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிவிட்டு, முக்கியமானதைக் கடைசி வரிக்கு முன்னால் செருகியிருக்கிறீர்கள். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்ற அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த வாரம் மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு உங்களுடையதை எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் வருமானம் விழுந்துவிட்டால் என்ன செய்வோம்? அரிசி, பருப்பு, கரண்ட் பில் மூன்றிலும் கைவைக்காமல், தள்ளிப்போடக்கூடிய செலவை நிறுத்துவோம். உடம்பும் அதைத்தான் செய்கிறது. சாப்பாடு போதாது என்று தெரிந்ததும் மூளை முதலில் கைவைப்பது மாதவிடாய்ச் சுழற்சியில்தான். இதயமும் மூச்சும் ஓடியாக வேண்டும், கருமுட்டை காத்திருக்கலாம் என்று அதற்கு ஒரு கணக்கு. கூடவே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும் குறைகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பில் சுண்ணாம்புச் சத்து சேர்வதும் தடைப்படும். ஒரு பெண் ஆயுளுக்கும் வைத்துக்கொள்ளப்போகும் எலும்பு வலுவில் ஏறக்குறைய 90 சதவீதம் 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. உங்கள் மகளுக்கு மிச்சம் இருப்பது இரண்டு வருடம். ஒரு மாதம் தள்ளிப்போவதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம், அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். ஆனால் ‘கழிவு வெளியேறுவதால் தள்ளிப்போகிறது’ என்று சொன்னவருக்கு மாதவிடாயும் தெரியவில்லை, கழிவும் தெரியவில்லை.

சரி, கழிவுக்கு வருவோம். உடம்பில் சேரும் வேண்டாதவற்றை ஈரலும் சிறுநீரகமும் ராத்திரி பகல் பார்க்காமல் வெளியேற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. எலுமிச்சைச் சாறு போய் அவற்றுக்கு ஓவர்டைம் கொடுக்க முடியாது. இந்த எலுமிச்சைப் பட்டினி நம் பாட்டிகளின் கைவைத்தியம் என்று நினைத்திருப்பீர்கள். 1940களில் அமெரிக்காவில் ஸ்டான்லி பர்ரோஸ் என்பவர் எலுமிச்சைச் சாறு, மேப்பிள் மரத்துப் பாகு, மிளகாய்ப்பொடி கலந்து, வேறெதுவும் சாப்பிடாமல் குறைந்தது பத்து நாள் குடிக்கச் சொன்னார். இன்றைய ‘டீடாக்ஸ்’ பானங்களுக்கு அவரும் ஒரு மூதாதை. அவர் டாக்டர் இல்லை. ரத்தப் புற்றுநோய் வந்த ஒருவருக்கு இந்த மாதிரி வைத்தியம் பார்த்து, அந்த மனிதர் இறந்து, வழக்கு கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போனது. 1984-இல் கொலைக் குற்றத்திலிருந்து தப்பினார், உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்த குற்றத்திலிருந்து தப்பவில்லை. மேப்பிள் பாகுக்குப் பதில் தேன் ஊற்றியதும் அது நம் பாரம்பரியம் ஆகிவிட்டது!

நிலாவாகை மட்டும் அசல் நம் ஊர்ச் சரக்கு. உலகச் சந்தையில் அதற்குப் பெயரே ‘திருநெல்வேலி சென்னா’. மலச்சிக்கலுக்கு ஒன்றிரண்டு நாள் எடுத்துக்கொள்ள நல்ல மருந்து. அது வேலை செய்யும் இடம் பெருங்குடல். சாப்பாட்டின் சத்து உறிஞ்சப்படுவதோ அதற்கு முன்பே, சிறுகுடலில். ஆகவே சூரணம் சாப்பிட்டு வெளியே போவது தண்ணீரும் உப்பும்தான், கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். போகிற உப்பில் பொட்டாசியமும் உண்டு. அது அதிகம் குறைந்தால் இதயத்துடிப்பு தாளம் தப்பும். தினமும் ராத்திரி, மூன்று வாரம், 16 வயதுப் பெண்ணுக்கு என்றால் எந்தச் சித்த மருத்துவரும் ஒத்துக்கொள்ள மாட்டார். கேட்டுப் பாருங்கள்.

அந்த மூன்று கிலோவும் இப்படித்தான். ஈரலிலும் தசையிலும் சர்க்கரை சேமிப்பு கொஞ்சம் இருக்கும். ஒவ்வொரு கிராம் சேமிப்பும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். பட்டினி போட்டால் முதலில் கரைவது அது. அப்புறம் சூரணம் இறக்கிய தண்ணீர். அதற்கு அப்புறம் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரைகிறது. தராசு இதையெல்லாம் பிரித்துச் சொல்லாது. முகப் பளபளப்புக்கு வந்தால், 16 வயதில் எந்தப் பெண்ணின் முகம்தான் பளபளக்காமல் இருக்கும்?

நீங்கள் எழுதியிருக்கும் பட்டியலை எப்படித் தாராளமாகக் கூட்டிப் பார்த்தாலும் நாளுக்கு 800 கலோரியைத் தாண்டவில்லை. 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சொல்லும் அளவு 2,500. இதை வைத்து ஒன்று சொல்கிறேன். இரண்டாம் உலகப்போர் முடியும் சமயத்தில், 1944–45-இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் ஒரு பட்டினிச் சோதனை நடத்தினார். போருக்குப் போக மறுத்த 36 ஆரோக்கியமான இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். ஆறு மாதம் அவர்களுக்குக் கொடுத்தது நாளுக்கு ஏறக்குறைய 1,570 கலோரி. கவனியுங்கள், உங்கள் மகள் சாப்பிடுவதைப் போல இரண்டு மடங்கு. அதிலேயே அவர்கள் எரிந்து விழுந்தார்கள், வெயிலிலும் குளிரில் நடுங்கினார்கள், தட்டை நக்கினார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்துப் படித்துக்கொண்டே கிடந்தார்கள். பட்டினி முடிந்து தட்டு நிறையப் போட்ட பிறகும் பலருக்குப் பசி அடங்க மாதக்கணக்கானது. வளர்ந்து முடிந்த ஆண்பிள்ளைகள் பாடே இது. உங்கள் பெண் ரீல்ஸில் பிரியாணி வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாளா என்று கொஞ்சம் எட்டிப்பாருங்கள்.

இதே சேனல்காரர்கள் ‘பட்டினிக்கு நோபல் பரிசு கிடைத்திருக்கிறது’ என்றும் சொல்லியிருப்பார்கள். 2016-இல் ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்குக் கிடைத்தது. செல்கள் தம் பழைய பாகங்களைத் தாமே செரித்துப் புதுப்பித்துக்கொள்ளும் முறையை அவர் கண்டறிந்தது ஈஸ்டில். ஆமாம், ரொட்டி மாவைப் புளிக்கவைக்கிறார்களே, அந்த ஈஸ்ட். ஈஸ்டுக்கு ப்ளஸ் ஒன் பரீட்சை கிடையாது.

‘லங்கணம் பரம ஔஷதம்’ என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். மருந்து என்றுதானே சொல்லியிருக்கிறது? அஜீரணம், மந்தம், காய்ச்சல் என்று படுத்தால் ஒரு வேளை நிறுத்தி கஞ்சித் தெளிவு கொடுப்பார்கள். நோய் இல்லாத பிள்ளைக்கு எதற்கு மருந்து?

உடனே, ‘அப்படியானால் விரதமே தப்பா?’ என்று இன்னொரு கடிதம் வரும். இல்லை. நம் விரதங்களுக்கு ஒரு முடிவு நாள் உண்டு, விலக்கும் உண்டு. எட்டு வயதுக்கு மேல் எண்பதுக்குள் எல்லோரும் ஏகாதசி இருக்கவேண்டும் என்ற சாஸ்திர வாக்கைச் சிலர் எடுத்து நீட்டுவார்கள். நீட்டட்டும். அது பதினைந்து நாளுக்கு ஒருமுறை. மறுநாள் துவாதசியில், விரதத்தை முடிக்கும் பாரணையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் இலையில் விழுந்துவிடும். ரமலான் நோன்பு பருவம் எய்தியவர்களுக்குத்தான் கடமை. நோயாளிக்கும் பயணிக்கும் விலக்கு உண்டு, பொழுது சாய்ந்தால் கஞ்சி காத்திருக்கும். கத்தோலிக்கத் திருச்சபை இன்னும் கறார். சாம்பல் புதனுக்கும் புனித வெள்ளிக்கும் இறைச்சி தவிர்க்கும் சுத்தபோசனம் 14 வயதிலிருந்து, ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு சாப்பிடும் ஒருசந்தியோ 18 நிறைந்த பிறகுதான் கடமை. நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் பிள்ளை வீட்டாரோடு சேர்ந்து ஒரு நாள் விரதம் இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடும் பிள்ளை, ரத்தசோகை உள்ள பிள்ளை, ஏற்கெனவே ஒல்லியாகப் போன பிள்ளை என்றால் டாக்டரைக் கேட்காமல் அதுவும் வேண்டாம். சாமி பெயரால் எல்லை மீறினாலும் உடம்பு சலுகை காட்டுவதில்லை. 2016-இல் ஹைதராபாத்தில் 68 நாள் உபவாசம் இருந்த 13 வயதுச் சிறுமி, அதை முடித்த இரண்டொரு நாளில் இறந்துபோனாள்.

கண்ணாடிக்கு முன்னால் நின்று எடுக்கும் விரதத்துக்கு எந்தப் பஞ்சாங்கத்திலும் பாரணை இல்லை. 49 வந்தால் 47, அப்புறம் 45. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 14, 15 வயதுப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 1999-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கடுமையான டயட்டில் இருந்த பெண்களுக்கு, டயட்டே இல்லாதவர்களைவிட, சாப்பாட்டு மனநோய் வரும் வாய்ப்பு 18 மடங்கு. அந்த நோய் உயிரையும் எடுக்கும். யூடியூப் பார்த்து உணவைக் குறைத்துக்கொண்டே போன பிள்ளைகள் இறந்த செய்தி 2025-இல் கேரளத்திலிருந்தும் வந்தது, நம் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் வந்தது. கன்னியாகுமரிப் பையன் மாதக்கணக்கில் பழச்சாறு மட்டும் குடித்து வந்தானாம்.

நான் காலையில் நடக்கப்போகும் பூங்காவின் வாசலில் ஒரு அக்கா எவர்சில்வர் டிரம்மில் அருகம்புல், வாழைத்தண்டு, நெல்லிக்காய்ச் சாறு விற்கிறார். போன வாரம் ஒரு பள்ளிக்கூடப் பெண், ரெட்டைப் பின்னல், முதுகில் மூட்டை மாதிரி பை, வாழைத்தண்டுச் சாற்றை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தது. “டிபன் சாப்பிட்டியாம்மா?” என்றேன். “இதான் அங்கிள் டிபன்” என்றது. நான் திரும்பிப் பார்த்தபோது சாறு விற்கும் அக்கா, டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்து, தூக்குச்சட்டியிலிருந்து இட்லியைச் சாம்பாரில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நம் மாநிலம் 1956-இல் மதிய உணவு போட்டது, 2022-இல் காலை உணவும் போட ஆரம்பித்தது. வெறும் வயிற்றில் பாடம் ஏறாது என்பதுதான் காரணம். இந்தியாவில் 15–19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதனால்தான் அரசுப் பள்ளிகளில் வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். அங்கே மாத்திரை, இங்கே நிலாவாகை!

இப்போது என்ன செய்வது? சூரணத்தை இன்று ராத்திரியே நிறுத்துங்கள். நாளைக் காலையிலிருந்து மூன்று வேளைச் சாப்பாடு, முதல் இரண்டு நாள் அளவாக, பிறகு பழையபடி. விருந்து வைத்து ஒரே நாளில் ஈடுகட்ட வேண்டாம். இந்த வாரத்துக்குள் டாக்டரிடம் அழைத்துப்போய் ஹீமோகுளோபினும் பொட்டாசியமும் பார்க்கச் சொல்லுங்கள். நாள் தள்ளியதையும் சூரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். இடையில் தலைசுற்றி விழுந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ வாரக்கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரி. எடை பார்க்கும் மெஷினைப் பரண்மேல் தூக்கிப் போடுங்கள். உண்மையிலேயே எடை கூடிய பிள்ளைகளுக்கும் வழி, வீடே சேர்ந்து சாப்பாட்டையும் நடமாட்டத்தையும் மாற்றுவதுதான். உங்கள் மகள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. 157 செ.மீ. உயரத்துக்கு 52 கிலோ சரியான எடை.

அப்படியிருக்க, அவளுக்கு எடை குறைக்கத் தோன்றியது எப்படி? கடிதத்தில் இல்லாததால் கேட்கிறேன். வகுப்பில் யாராவது ‘குண்டு’ என்றார்களா, கல்யாண வீட்டில் ஒரு சித்தி கன்னத்தைக் கிள்ளி ஏதாவது சொன்னாரா, அல்லது நீங்களே கண்ணாடி முன் நின்று உங்கள் இடுப்பைத் திட்டிக்கொண்டதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாளா? சாப்பிடும்போது கேட்காதீர்கள். தலை வாரிவிடும்போது கேளுங்கள்.

இதைப் படித்ததும் மாமியாரிடம், ‘நீங்க சொன்னதுதான் சரியாம்’ என்று போய் நிற்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். எனக்குப் புரிகிறது. ‘டாக்டர் சொல்லிட்டார்’ என்று சொல்லிக்கொள்ளுங்கள். பத்திரிகையை மட்டும் அவர் கையில் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.