அரிசி வைத்தால் புறாதான் வருகிறது, சிட்டுக்குருவிக்கு என்ன வைப்பது?

கொல்லைத் தரையில் அரிசியும் மிக்சரும் போட்டால் புறாவும் காகமும்தான் வருகின்றன, சிட்டுக்குருவி எட்டிப் பார்ப்பதில்லை என்கிறீர்கள். தரையில் அரிசி இறைப்பது புறாவுக்குப் பந்தி விரித்த மாதிரிதான். முதலில் மிக்சரை நிறுத்துங்கள். அந்த உப்பும் எண்ணெயும் பறவைக்கு ஆகாது.

சிட்டுக்குருவிக்குத் தினை, கம்பு, நொய் போதும். புறாவும் இதையெல்லாம் தின்னும் என்பதால் வைக்கும் விதத்தை மாற்றுங்கள். சிறு துளை போட்ட டப்பாவில் நிரப்பிக் கம்பியில் தொங்கவிட்டால் சிட்டு தொற்றிக்கொண்டு கொத்தும். புறாவுக்கு நிற்க இடம் இருக்காது. பக்கத்தில் ஒளிந்துகொள்ளச் செம்பருத்திப் புதர் மாதிரி ஏதாவது இருந்தால் தைரியமாக வரும். பூனை நடமாட்டம் உண்டென்றால் இன்னும் உயரக் கட்டுங்கள்.

கொண்டைக்குருவி வேண்டுமா? கனிந்த பப்பாளி, வாழைப்பழத் துண்டு. தேன்சிட்டு தானியத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்கு இட்லிப்பூச் செடி வையுங்கள். பூச்சிமருந்து மட்டும் அடிக்காதீர்கள், சிட்டுக்குருவி குஞ்சுக்குப் புழு பூச்சியைத்தான் ஊட்டும்.

அப்புறம், ஆழமில்லாத மண்சட்டியில் தண்ணீர், தினமும் மாற்றி. வெயில் காலத்தில் தீனியைவிட இதற்குத்தான் கூட்டம். உங்கள் தெருவிலேயே சிட்டு கிடையாது என்றால், வெறும் டப்பாவைப் பார்த்து அது வந்துவிடாது.