மெஷின் ஓடாதபோதும் ஸ்டெபிலைசர் ஏன் சுடுகிறது?

கேள்வி: பேரணாம்பட்டில் ஷூ அப்பர் தைக்கும் சிறிய யூனிட் நடத்துகிறேன். 5 கேவிஏ ஸ்டெபிலைசர் எரிந்துபோய், போன மாதம் ரீவைண்டிங் செய்து வாங்கினோம். இப்போது மெஷின் எதுவும் ஓடாவிட்டாலும் பெட்டி சுடுகிறது. கரண்ட் வீணாகிறதா? மறுபடி காயில் மாற்ற வேண்டுமா?

பதில்: வீணாகிறது. ஆனால் உடனே காயில்மேல் பழி போடாதீர்கள். மெஷின் ஓடாதபோது செம்புக் கம்பியில் போகும் கரண்ட் சொற்பம்தான். இந்தச் சூடு பெரும்பாலும் காயிலுக்கு உள்ளே இருக்கும் இரும்பிலிருந்து, அதாவது கோரிலிருந்து வருகிறது.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கோரில் காந்தப்புலம் விநாடிக்கு 50 தடவை புரண்டு திரும்புகிறது. இரும்பும் மின்கடத்திதானே? அதற்குள்ளேயே ஆற்றுச் சுழி போல மின்னோட்டம் எழுந்து, எதற்கும் உதவாமல் சூடாகத் தீர்கிறது. இதுதான் சுழல் மின்னோட்டம், பட்டறையில் சொல்லும் எடி கரண்ட். காந்தத் திசை மாறும்போதெல்லாம் இரும்பு சூடாகும் ஹிஸ்டெரிசிஸ் என்ற இன்னொரு இழப்பும் கூடவே உண்டு.

சுழியை அடக்கத்தான் கோரை ஒரே கட்டியாகச் செய்யாமல் 0.35, 0.5 மில்லிமீட்டர் தகடுகளாக அடுக்குகிறார்கள். தடிமன் பாதியானால் எடி கரண்ட் இழப்பு கால்வாசியாகிவிடும். தகடுகளுக்கு நடுவே மெல்லிய காப்புப் பூச்சு இருக்கும். ரீவைண்டிங்கில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். வார்னிஷில் ஒட்டிக்கொண்ட ஸ்டாம்பிங்கை, அதாவது இந்தத் தகடுகளை, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி, சுத்தியலால் தட்டிக் கழற்றுகிறார்கள். பூச்சு உரிகிறது, விளிம்பில் பிசிர் எழுகிறது; விரலால் தடவினாலே நெருடும். அந்தப் பிசிர் பக்கத்துத் தகட்டைத் தொட்டால் இரண்டும் ஒரே தடித்த தகடு மாதிரிதான். போல்ட்டுக்குக் காப்பு ஸ்லீவ் போடாமல் இறுக்கினாலும் இதே வம்பு.

கம்பியை மிச்சம் பிடிக்கச் சுற்றைக் குறைப்பதும் உண்டு. பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே கோரில் காந்தப்புலம் வலுத்து, எடி கரண்ட் இழப்பு சுமார் 23 சதவீதம் கூடும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கத்திரி வெயிலில் வேலூர்ப் பக்கம் தகரப் பெட்டி சும்மாவே சுடும். கிளாம்ப் மீட்டர் ஆம்பியரைத்தான் காட்டும், வாட்டை அல்ல. இதைச் செய்யுங்கள்: ஸ்டெபிலைசரைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மின் மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கைப் பத்து நிமிடம் எண்ணுங்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று மீட்டரிலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்து, நீங்கள் எண்ணியது 20 என்றால், சுமார் 38 வாட். நாள் முழுக்க விட்டால் மாதம் 27 யூனிட். உங்கள் பெட்டிக்கு இது பெரிய குறையில்லை. 60 மினுக்கலைத் தாண்டினால் கோரைச் சந்தேகப்படலாம்.

அந்த எண்ணோடு ரீவைண்டிங் கடைக்குப் போங்கள். பழைய ஸ்டாம்பிங்கையே போட்டார்களா, பிசிர் எடுத்தார்களா, சுற்று எண்ணிக்கை பழைய கணக்குதானா என்று கேளுங்கள். பெட்டியை நீங்களே திறக்க வேண்டாம். அதுவரை ராத்திரி யூனிட்டைப் பூட்டும்போது ஸ்டெபிலைசருக்கு வரும் சப்ளையையே அணைத்துவிடுங்கள். மெஷின் சுவிட்சை மட்டும் அணைத்தால் கோர் விடியவிடிய சூடாகிக்கொண்டேதான் இருக்கும்.