அப்பாவோட 1968 எம்ஜிபிய ஷோவுக்கு விடணும், 3,800 வெள்ளி பேக்கேஜ் தேவையா?

கேள்வி: அண்ணே வணக்கம். அப்பாகிட்ட 1968 எம்ஜிபி ரோட்ஸ்டர் (மேல் கூரைய மடிக்கற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காடி) ஒண்ணு இருக்கு, சிவப்பு, பழைய காடிங்களுக்கான கிளாசிக் ஸ்கீம்ல ஓடுது. பெயின்ட், லெதர் சீட் எல்லாம் அப்போ வந்ததுதான். மூணு மாசத்துல ஒரு ஷோல போட்டிக்கு விடலாம்னு இருக்கேன். டீடெய்லிங் கடைல முழு பாடிக்கும் மெஷின் பாலிஷ், பெயின்ட்டுக்கு மேல போடற செராமிக் கோட்டிங், என்ஜின் பகுதிய பிரஷர்ல கழுவி பெயின்ட், சீட்டுக்குப் புது லெதர், எல்லாம் சேர்த்து 3,800 வெள்ளி சொன்னாங்க, 500 வெள்ளி டெபாசிட்டும் கட்டிட்டேன். அப்பா வேணாங்கிறாரு. என்ன செய்யலாம்? (சிங்கப்பூர் ஈசூன் வாசகர்)

பதில்: தம்பி, அப்பா சொல்றத கேளுங்க. நீங்க சொல்ற மாதிரி பெயின்ட்டும் லெதரும் அப்போ வந்ததுன்னா அந்தக் காடியோட மதிப்பே அதுலதான் இருக்கு, அத எடுத்துட்டு புதுசா போட்டா ரீஸ்டோர் பண்ண, அதாவது புதுசு மாதிரி திரும்பச் செஞ்ச எம்ஜிபிகளோட போய் நிக்கும், அங்க உங்க செலவ விட பத்து மடங்கு செலவழிச்சவங்க நிப்பாங்க. அமெரிக்கால 1950லேர்ந்து நடக்குற பெபிள் பீச் போட்டியிலயே ரீஸ்டோர் பண்ணாத காடிங்களுக்குன்னு தனி கிளாஸ் இருக்கு. அதனால மொதல்ல உங்க ஷோ நடத்துறவங்ககிட்ட ரெண்டு விஷயம் கேளுங்க, ஒரிஜினல் காடிக்குத் தனி பிரிவு இருக்கா, ஜட்ஜுங்க எதுக்கு மார்க் போடுறாங்க. வந்தவங்க ஓட்டு போடுற ஷோன்னா கணக்கு வேற, பளபளப்பு அங்க எடுபடும், ஆனா அதுக்காகவும் அந்த சீட்ட பிரிக்காதீங்க.

பாலிஷ்தான் ரொம்ப பயமா இருக்கு எனக்கு. அந்தக் கால சிவப்பு பெயின்ட்டுக்கு மேல கிளியர் கோட்னு நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு கிடையாது, கலரே மேல் தோல். ஒரு ஓரத்துல வெள்ளத் துணில கொஞ்சம் பாலிஷ் தொட்டு கையால தேய்ச்சுப் பாருங்க, துணி சிவப்பாயிடும். தப்பா எதுவும் நடக்கல, வெளுத்துப்போன மேல் படலம் வருது, ஆனா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெயின்ட் போகுதுங்கறதும் நிஜம். நான் பார்த்த ஒரு பழைய காடில பானெட் ஓரத்துல மெஷின ஒரு செகண்ட் அதிகமா வச்சிருக்காங்க, விரல் நகம் அகலத்துக்கு பெயின்ட்டுக்கு அடியில இருக்கற சாம்பல் பிரைமர் பூச்சு தெரியுது, அத மறைக்க பானெட் முழுசையும் அடிக்க வேண்டியதாப் போச்சு. அதனால பெயின்ட் தடிமன் மீட்டர் வச்சு ஒவ்வொரு பேனலா அளந்து எழுதிக் குடுக்கற ஆள்கிட்ட மட்டும் விடுங்க, ஓரத்துலயும் மடிப்புலயும் கைதான், மெஷின் வேணாம். அதுக்கு மேல நல்ல மெழுகு போதும், செராமிக் எதுக்கு?

என்ஜின் பக்கம் பிரஷர் தண்ணி கண்டிப்பா வேணாம். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தப் பிரிச்சு அனுப்பற டிஸ்ட்ரிபியூட்டர்லயும் பழைய ஒயரிங்லயும் தண்ணி போச்சுன்னா ஷோ அன்னிக்குக் காலைல ஸ்டார்ட் ஆகாம நிப்பீங்க. சின்ன பிரஷ், டிகிரீசர், பழைய துணி, ரெண்டு ஞாயித்துக்கிழமை, அவ்ளோதான். பழைய ஸ்டிக்கர், ஃபேக்டரில போட்ட பெயின்ட் குறி இருந்தா அழிச்சிடாதீங்க, ஜட்ஜ் தேடிப் பார்க்கறது அதத்தான். உங்க வருஷத்து எம்ஜிபிக்கு சீட்டுக்குப் பின்னாடி ரெண்டு 6 வோல்ட் பேட்டரி இருக்கணும், நெறைய பேரு ஒரே 12 வோல்ட்டா மாத்தியிருப்பாங்க, மூடியத் தொறந்து பாருங்க.

அந்தக் காச இதுல போடுங்க: இங்கிலாந்துல கேடன்ல இருக்கற பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துல ஹெரிடேஜ் சர்ட்டிபிகேட் வாங்கலாம், தயாரிப்புப் பதிவேட்டப் பார்த்து உங்க காடி எப்போ செஞ்சது, என்ன கலர்ல போச்சுன்னு எழுதித் தருவாங்க. வாய்ல ஒரிஜினல்னு சொல்றதுக்கும் அத மேசைல வைக்கறதுக்கும் ரொம்ப வித்தியாசம். அப்பா வச்சிருக்கற ஹேண்ட்புக், ஜாக்கி, டூல் பை, பழைய சர்வீஸ் பில் எல்லாத்தையும் தேடி எடுங்க.

நம்ம ஊரு ஈரக்காத்துக்கு ஹூட் (மேல் கூரை) நனைஞ்சிருந்தா மடிக்காதீங்க, பூஞ்சை பிடிச்சிடும். குரோம்ல சின்ன துரு இருந்தா அலுமினிய ஃபாயில கசக்கி தண்ணில நனைச்சு மெதுவா தேய்ங்க. டயருக்கு பளபளன்னு எண்ணெய் பூசாதீங்க. இன்னொண்ணு, கிளாசிக் ஸ்கீம்ல வருஷத்துக்கு 45 நாள்தான் ரோட்டுல ஓட்டலாம், ட்ரையல் ஓட்டம், ஒர்க்‌ஷாப் போக வர, ஷோ நாள் எல்லாம் அதுல சேரும், இப்பவே எண்ணி வச்சுக்குங்க.

டெபாசிட் விஷயம். மனசு மாறிடுச்சுன்னு சொன்னா மட்டும் கடைக்காரர் திருப்பித் தரணும்னு கட்டாயம் இல்ல, ரசீதுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. ஆனா ஒரிஜினல் பெயின்ட்டுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தப்பா சொல்லி வாங்கியிருந்தா அது வேற கதை, நியாயமற்ற வியாபார முறைன்னு கேஸ் (CASE) நுகர்வோர் சங்கத்துகிட்ட போகலாம், 20,000 வெள்ளி வரைக்கும் சிறு கோரிக்கை நடுவர் மன்றமும் இருக்கு. அதுக்கு முன்னாடி கடைக்கு நேர்ல போய், அந்த 500க்கு கை வேலையா உள்பக்க கிளீனிங்கும் லெதருக்கு கண்டிஷனரும் மட்டும் போட்டுக் குடுங்கன்னு கேளுங்க. ஒத்துக்கிட்டா என்ன வேலை, எதத் தொடக்கூடாதுன்னு வாட்ஸ்அப்ல எழுதி அவங்ககிட்ட ஓகே வாங்கிட்டு அப்புறம் சாவியக் குடுங்க.