ஓப்பன் சோர்ஸ் திட்டத்தில் எந்தக் கிளையைச் சோதிப்பது?

கிளை என்பது ஒரே நிரலிலிருந்து பிரிந்து தனியாக வளரும் பிரதி. லிப்ரேஆபிஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் (நிரலை எவரும் பார்த்து மாற்றக்கூடிய) அலுவலக மென்பொருளில் புது மாற்றங்கள் முதலில் ‘மாஸ்டர்’ கிளையில் சேரும். வெளியீடு நெருங்கும்போது அதிலிருந்து தனிக் கிளை பிரியும். அப்புறம் அதற்குள் பெரும்பாலும் திருத்தங்கள்தான் போகும்.

எல்லாக் கிளையையும் சோதிக்க யாருக்கும் நேரமில்லை. புதுப் பிழையைச் சீக்கிரம் பிடிக்க மாஸ்டர், சனம் பாவிக்கப்போவதைப் பார்க்க வெளியீட்டுக் கிளை. என் கணக்கில் இந்த இரண்டும் போதும். ஆதரவு முடிந்த கிளையில் பிழை தேடுவது வீண்வேலை, அங்கே திருத்தம் வராது.

அம்பாறைப் பக்கம் புது விதைநெல்லை ஒரு வரவையில் (வயல் துண்டில்) மட்டும் விதைத்துப் பார்ப்பவர், மற்ற வயலில் பழகிய நெல்லையே போடுவார். விளையாவிட்டால் நட்டம் அந்த வரவையோடு சரி. அதற்காக மற்ற வயலைப் பார்க்காமலும் விடமாட்டார். மாஸ்டர் அந்த வரவை, வெளியீட்டுக் கிளை மற்ற வயல்.

கிழக்குப் பல்கலைக்கழக வந்தாறுமூலை வளாகத்து மாணவர் என்றால், தமிழ் எழுத்து சரியாக வருகிறதா என்று ‘கொ’, ‘கௌ’ தட்டி, அழித்து, பிடிஎஃப் ஆக்கிப் பாருங்கள். மாஸ்டரின் சோதனைப் பதிப்பை வழமையான பதிப்புக்குப் பக்கத்திலேயே நிறுவலாம். அசைன்மென்ட்டின் நகலை மட்டும் அதில் திறவுங்கள்!

‘நிலையான’ கிளைக்குச் சோதனை வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். மாஸ்டரில் ஒழுங்காக ஓடிய திருத்தம், அந்தக் கிளைக்குக் கொண்டுவரும்போது உடையலாம்.